செட்டில்மென்ட் வரும் வருஷமும் வக்கீல் ஃபீஸ் கட்டும் வருஷமும்

அமெரிக்காவில் வேலை பார்த்த கம்பெனியோடு மோதி, இப்போது செட்டில்மென்ட் (பணம் வாங்கிக்கொண்டு சமரசமாக முடித்துக்கொள்வது) பேசிக்கொண்டிருக்கிறோம் என்று யாராவது என்னிடம் வந்தால், எவ்வளவு தருகிறார்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. வக்கீலுக்கு இதுவரை கையிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள், அதை எந்தெந்த வருஷம் கொடுத்தீர்கள், இதைத்தான் கேட்பேன். பல பேருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. ஃபீஸ் என்றால் ஃபீஸ்தானே, எப்போது கொடுத்தால் என்ன, மொத்தமாகக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாமே என்கிறார்கள். கழிக்க முடியாது. எந்த வருஷம் கொடுத்தோம் என்பதை வைத்தே பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் வரி கூடிவிடும்.

வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில், இருப்பது நியூ ஜெர்சியில். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய மாதத்திலேயே வேலை போன பெண்கள், ஐம்பதைத் தாண்டியதும் "ரீஸ்ட்ரக்சரிங்" பட்டியலில் பெயர் வந்த மேனேஜர்கள், ஓவர்டைம் கேட்டதற்காக ஓரங்கட்டப்பட்டவர்கள் என்று நம்மவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள். வழக்கில் ஜெயித்துவிட்டு வரியில் தோற்று நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது. அவர்கள் வரும்போது மார்ச் மாதம் ஆகியிருக்கும், செக் வந்து வருஷமும் மாறியிருக்கும், அதற்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அடிப்படை விஷயம் ஒன்று. செட்டில்மென்ட் தொகையில் வக்கீல் எடுத்துக்கொள்ளும் பங்கும் வரிச் சட்டத்தின் கண்ணில் உங்கள் வருமானம்தான். 2.5 லட்சம் டாலருக்கு முடித்து, வக்கீல் 40 சதவீதமாக ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் கைக்கு ஒன்றரை லட்சம் வந்தாலும், உங்கள் வருமானம் இரண்டரை லட்சம். அந்த ஒரு லட்சத்தை நீங்கள் கண்ணால் பார்க்காவிட்டாலும், கம்பெனி நேராக வக்கீல் பெயருக்கே செக் எழுதினாலும் இதே கணக்குதான். 2005 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கமிஷனர் எதிர் பேங்க்ஸ் வழக்கில் இதை உறுதி செய்தது. அந்த பேங்க்ஸ் கலிஃபோர்னியா கல்வித் துறையில் ஆலோசகராக இருந்து 1986-ல் வேலையை இழந்தவர். அவருடைய வழக்கு 4,64,000 டாலருக்கு முடிந்தது, அதில் வக்கீலுக்குப் போனது 1,50,000 டாலர். சம்பாதிக்கும் உரிமை உங்களுடையது, அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் வருமானம் இல்லை என்று ஆகிவிடாது, என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சரி, வருமானமாகக் காட்டிவிட்டு, ஃபீஸைச் செலவாகக் கழித்தால் போயிற்று என்று தோன்றும். அந்தக் கழிவு ஒரு காலத்தில் ஓட்டை உடைசலாக இருந்தது. "இதர செலவுகள்" என்ற பட்டியலில்தான் காட்ட வேண்டும், வருமானத்தின் 2 சதவீதத்துக்கு மேல் போகும் தொகைக்கு மட்டும்தான் பலன், மாற்று குறைந்தபட்ச வரி என்று இன்னொரு கணக்கு இருக்கிறதே, அதன் கீழ் வந்துவிட்டால் அந்தப் பலனும் கிடையாது. சிகாகோ பக்கம் ஒரு பெண் போலீஸ் அதிகாரி பாலினப் பாகுபாட்டு வழக்கில் ஜெயித்தார். அவருக்கு 3 லட்சம் டாலர், அவருடைய வக்கீல்களுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர். இரண்டும் சேர்ந்து அவர் வருமானமாகி, கழிவு செல்லாமல் போய், கிடைத்த 3 லட்சத்தையும் கட்டிவிட்டு மேற்கொண்டு 99,000 டாலர் வரி கட்ட வேண்டிய நிலை என்று 2002-ல் பத்திரிகைகளில் வந்தது. வழக்கில் ஜெயித்ததற்காக ஒருவர் கடனாளி ஆவது எப்பேர்ப்பட்ட அநியாயம். இந்த மாதிரி நிலைமைகளைச் சரிசெய்யத்தான் 2004-ல் அமெரிக்க காங்கிரஸ் புது விதி கொண்டுவந்தது. வரிச் சட்டத்தின் பிரிவு 62(ஏ)(20). பாகுபாட்டு வழக்குகளில் வக்கீல் ஃபீஸையும் கோர்ட் செலவையும் மொத்த வருமானத்திலிருந்தே நேராகக் கழித்துவிடலாம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு) எடுத்தாலும் இது தனியாகக் கிடைக்கும், 2 சதவீத வெட்டு கிடையாது, மாற்று வரித் தொல்லையும் கிடையாது.

"பாகுபாடு" என்றதும் நிறம், இனம், பாலினம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் அங்கே ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. வயது, மாற்றுத்திறன், குடும்ப மருத்துவ விடுப்பு, ஊதியச் சட்டம், ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பு தராதது எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியில், முதலாளி தொழிலாளி உறவை ஒழுங்குபடுத்தும் எந்தச் சட்டமானாலும் சரி என்கிற மாதிரி அகலமான ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். வேலை சம்பந்தமான வழக்குகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. உரிமை கோரி, பேசி, ஒப்பந்தமாக முடித்திருந்தாலும் போதும்.

இவ்வளவு நல்ல விதிக்குள் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வழக்கின் தீர்ப்பினாலோ செட்டில்மென்ட்டினாலோ *அந்த வரி ஆண்டில்* உங்கள் வருமானமாகச் சேர்ந்த தொகைக்கு மேல் கழிக்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் பணம் வந்த வருஷத்தில் வருமானம், பணம் கொடுத்த வருஷத்தில் செலவு என்று கணக்குக் காட்டுகிறவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், சிக்கல் தெரியும். 2023-ல் வக்கீலுக்கு 30,000 டாலர் கொடுத்தீர்கள். அந்த வருஷம் வழக்கிலிருந்து வருமானம் பூஜ்யம், ஆகவே கழிவும் பூஜ்யம். 2024-ல் இன்னொரு 40,000 கொடுத்தீர்கள். அதற்கும் அதே கதி. 2025-ல் வழக்கு 2 லட்சத்துக்கு முடிகிறது, அந்த வருஷம் கடைசி பில்லாக 10,000 கொடுக்கிறீர்கள். 2 லட்சம் முழுவதும் வருமானம், கழிவு வெறும் 10,000. முன்னால் கொடுத்த 70,000 டாலரை இந்த வருஷத்துக்குத் தூக்கிக்கொண்டு வர வழியில்லை. 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு இதனால் மட்டும் 16,800 டாலர் கூடுதல் வரி, அதுவும் மத்திய வரி மட்டும். மாநில வரி தனி.

முன்பாவது இப்படித் தவறிப்போன தொகைக்கு அந்தப் பழைய "இதர செலவுகள்" பட்டியல் என்ற ஒண்டுக்குடித்தனம் இருந்தது, அரைகுறையாக ஏதோ தேறும். 2017-ன் வரிச் சட்டம் 2018 முதல் அதை நிறுத்தி வைத்தது. 2025 முடிந்ததும் திரும்ப வரும் என்று காத்திருந்தோம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கிவிட்டது. ஆக இன்றைக்கு வருஷம் தவறினால் அந்தக் கழிவு முழுசாகப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். வழக்கில் தோற்றவர்களுக்கும் இதே நிலைதான், ஏனென்றால் அவர்களுக்கு எந்த வருஷமும் வருமானம் வரப்போவதில்லை.

ஜெயித்தால் மட்டும் சதவீதத்தில் எடுத்துக்கொள்ளும் வக்கீலை வைத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. கம்பெனி பணம் தரும் நாளில்தான் வக்கீலும் பங்கை எடுக்கிறார், வருமானமும் செலவும் ஒரே நாளில் பிறந்துவிடுகின்றன. மாட்டிக்கொள்பவர்கள் மணிக்கணக்கில் பில் கட்டியவர்கள். சதவீத வக்கீல்கள் கேஸ் சின்னது என்று கைவிட்டதால் சேமிப்பை எடுத்துப் போராடியவர்கள், நானூறு ஐநூறு டாலர் என்று மணிக்குக் கொடுத்து இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தவர்கள். சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தவருக்குத்தான் சட்டம் அதிகத் தண்டனை தருகிறது. இதை யோசித்து இப்படி எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அளவுக்கு மீறிக் கழித்துவிடக் கூடாது என்று வைத்த வரம்பு, இவர்கள் கழுத்தில் விழுந்துவிட்டது. காங்கிரஸ் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும், முந்தைய வருஷங்களில் கொடுத்த ஃபீஸையும் செட்டில்மென்ட் வருஷத்தில் கழிக்கலாம் என்று. அது நடக்கும் வரை நாம்தான் வருஷத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

அதற்குச் சரியான நேரம் வக்கீலோடு முதல் ஒப்பந்தம் போடும் நாள். மணிக்கணக்கு வக்கீலாக இருந்தாலும், மாதாமாதம் முழுசாகக் கட்டாமல், ஒரு பகுதியை மட்டும் இப்போது கட்டி மீதியை வழக்கு முடியும்போது கட்டுகிறேன் என்று பேசிப் பாருங்கள். குறைந்த மணிக்கட்டணத்தோடு முடிவில் ஒரு சதவீதம் என்ற கலப்பு ஏற்பாட்டுக்குப் பல வக்கீல்கள் ஒத்துக்கொள்வார்கள். நிபுணர் சாட்சி, டெபோசிஷன் (விசாரணைக்கு முன் எடுக்கும் வாக்குமூலம்), கோர்ட் கட்டணம் போன்ற செலவுகளை வக்கீல் அலுவலகமே முதலில் போட்டுவிட்டுக் கடைசியில் செட்டில்மென்ட்டிலிருந்து எடுத்துக்கொள்வதும் வழக்கத்தில் இருப்பதுதான், அதையும் கேளுங்கள். வேலை வழக்குகளில் கெட்டிக்காரர்களான வக்கீல்கள்கூட இந்த வரி விஷயத்தைத் தாங்களாக எடுப்பதில்லை. அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே "வரி ஆலோசனை தரமாட்டோம்" என்று ஒரு வரி இருக்கும். நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? செட்டில்மென்ட் பணம் வருவதற்கு முன்னால், ஃபீஸ் ஒப்பந்தத்தை மாற்றி எழுதி, வக்கீல் இதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மொத்த ஃபீஸையும் செட்டில்மென்ட்டிலிருந்து எடுத்துக்கொள்வது என்று ஒரு வழியைச் சில வரி வக்கீல்கள் சொல்கிறார்கள். முன் வருஷங்களில் நீங்கள் அந்தப் பணத்தைக் கழித்துப் பலன் எடுக்கவில்லை என்பதால், திரும்பி வரும் தொகை புது வருமானம் ஆகாது. ஆனால் இது காகிதத்தில் மட்டும் நடந்தால் போதாது. பணம் நிஜமாகவே திரும்பி வர வேண்டும், ஒப்பந்தம் நிஜமாகவே மாற வேண்டும், எல்லாம் செட்டில்மென்ட்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) இதை ஏற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தொகை பெரிது என்றால் இதற்காகவே ஒரு வரி வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள், அந்தக் காசு வீண் போகாது. ஐயாயிரம் டாலர் மாதிரி சின்னத் தொகைக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் டிசம்பர். வழக்குகள் பல வருஷக் கடைசியில்தான் முடிகின்றன, கம்பெனிக்கும் தங்கள் கணக்கை மூட வேண்டிய அவசரம். டிசம்பர் 18 கையெழுத்து ஆகிறது, கம்பெனி 30 நாளில் பணம் அனுப்பும் என்று ஒப்பந்தம். வக்கீல் அலுவலகம் கடைசி பில்லை டிசம்பர் 22 அனுப்புகிறது. கடன் வைக்கப் பிடிக்காத நம்மவர் அன்றைக்கே கட்டிவிடுகிறார். கம்பெனி செக் ஜனவரி 15 வருகிறது. முடிந்தது, டிசம்பரில் கட்டிய ஃபீஸுக்கு அந்த வருஷம் எதிர் வருமானம் இல்லை. நல்ல பழக்கமே அவருக்கு நஷ்டமாகிவிடுகிறது. மூன்று வாரம் பொறுங்கள், செட்டில்மென்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மெயில் போட்டிருந்தால் போதும். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். பணம் டிசம்பரில் வந்துவிட்டது, ஃபீஸில் ஏதோ தகராறு, பிப்ரவரியில் பேசி முடித்துக் கட்டினீர்கள் என்றால் பிப்ரவரி வருஷத்தில் வருமானம் இல்லை. தகராறு இல்லாத பகுதியையாவது டிசம்பர் 31-க்குள் கொடுத்துவிட வேண்டும். 31-ம் தேதி தபாலில் போட்ட செக், அன்றைக்கு கிரெடிட் கார்டில் கட்டிய தொகை இரண்டும் அந்த வருஷச் செலவாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

செக் உங்கள் கையில் இல்லை, வக்கீல் கட்சிக்காரர் பணத்தைப் போட்டு வைக்கும் டிரஸ்ட் அக்கவுன்ட்டில்தான் இருக்கிறது, நான் ஜனவரியில்தான் எடுத்தேன் என்று சொன்னால் பொதுவாகச் செல்லாது. வக்கீல் உங்கள் பிரதிநிதி, அவர் டிசம்பர் 29 வாங்கினால் நீங்கள் டிசம்பர் 29 வாங்கிய மாதிரி. பணம் தயாராக இருக்கும்போது "ஜனவரியில் கொடுங்கள்" என்று தள்ளிப்போடுவதும் அப்படித்தான். ஆனால் கையெழுத்துக்கு முன்னால், பேச்சுவார்த்தையிலேயே, பணம் ஜனவரி இன்ன தேதிக்குத் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதில் தப்பில்லை. நாற்பது வயது தாண்டியவர்கள் வழக்குப் போடாமலேயே கம்பெனியோடு பேசி, வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும்போது, யோசிக்க 21 நாளும், கையெழுத்துக்குப் பிறகு மனம் மாற 7 நாளும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 21 நாளுக்கு முன்பே நீங்கள் விரும்பிக் கையெழுத்துப் போடலாம், அந்த 7 நாளை மட்டும் யாரும் குறைக்க முடியாது. அதனால் டிசம்பர் 26 கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் அமலுக்கு வருவதே ஜனவரியில்தான்.

ஜனவரிக்குத் தள்ளுவது எல்லாருக்கும் லாபமா என்றால், இல்லை. அந்த வருஷம் ஒன்பது மாதம் வேலையில்லாமல் இருந்தவருக்கு, குறைந்த வருமான வருஷத்திலேயே பணத்தை வாங்குவது நல்லது. அடுத்த வருஷம் புது வேலைச் சம்பளத்தோடு இதுவும் சேர்ந்தால் அடுக்கு ஏறிவிடும். 2025-ல் தனி நபருக்கு 1,97,300 டாலர் வரிக்குரிய வருமானம் வரை 24 சதவீதம், அதைத் தாண்டிய பகுதிக்கு நேராக 32. பின்பாக்கிச் சம்பளம் என்று தருவதையும் எந்த வருஷத்துக்காகத் தருகிறார்களோ அந்த வருஷங்களுக்குப் பிரித்துப் போட முடியாது, வாங்கிய வருஷத்து வருமானம்தான். தொகை பெரிது என்றால் இரண்டு வருஷத் தவணையாகக் கேட்கலாம். அப்போது ஒவ்வொரு தவணையிலும் அதற்குரிய விகிதத்தில் ஃபீஸ் போகட்டும் என்று வக்கீலோடு பேசிக்கொள்ளுங்கள். முதல் தவணையிலேயே அவர் முழுவதையும் எடுத்துக்கொண்டால், இரண்டாம் வருஷம் கழிவே இல்லாத கனமான வருமானம் உங்கள் தலையில் நிற்கும்.

பிப்ரவரியில் ஃபார்ம்கள் வரும்போது பதற்றப்படாதீர்கள். சம்பளப் பகுதிக்கு டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம், மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீட்டுக்கு 1099-மிஸ்க் என்ற பிற வருமானப் படிவம், வக்கீலுக்குப் போன செக்குக்கு வக்கீல் பெயரில் ஒரு 1099, உங்கள் பெயரிலும் அதே தொகையைச் சேர்த்து ஒரு 1099. ஒரே பணத்தை இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார்கள், தவறு நடந்துவிட்டது என்று பலர் கம்பெனியோடு சண்டைக்குப் போகிறார்கள். தவறு இல்லை, பேங்க்ஸ் தீர்ப்பு சொன்னதுதான் இது. நீங்கள் முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டிவிட்டு, வருமான வரிப் படிவமான 1040-ன் இணைப்பு ஷெட்யூல் 1-ல் 24எச் என்ற இடத்தில் ஃபீஸைக் கழிக்க வேண்டும். வக்கீல் பங்கை விட்டுவிட்டு மீதியை மட்டும் வருமானமாகக் காட்டினால், 1099-ஓடு பொருந்தாமல் ஐஆர்எஸ் கடிதம் வரும்.

பாலியல் துன்புறுத்தல் வழக்கில், வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் தனியாக ஒரு பயத்தோடு வருகிறார்கள். அப்படிப்பட்ட ரகசிய செட்டில்மென்ட்டில் கழிவு கிடையாது என்று 2017 சட்டம் சொல்கிறதே என்று. அந்தத் தடை கம்பெனிக்கு. பாதிக்கப்பட்டவர் தன் வக்கீல் ஃபீஸைக் கழிக்க அது தடையில்லை என்று ஐஆர்எஸ் தன் இணையதளத்திலேயே தெளிவாக்கியிருக்கிறது. வேலை போனதும் எச்-1பி மாற்றத்துக்காக இமிக்ரேஷன் வக்கீலுக்குக் கட்டியதையும் சிலர் இதோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். அது வேறு கதை, இந்தக் கழிவில் வராது.

செட்டில்மென்ட் டிசம்பரில் வந்தவர்களுக்கு இன்னொரு தேதி, ஜனவரி 15. டபிள்யூ-2 பகுதியில் கம்பெனி பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடித்திருக்கும், 1099 பகுதியில் ஒரு டாலர்கூடப் பிடித்திருக்காது. அந்த வருஷம் பிடிக்கப்பட்டதும் நீங்கள் கட்டியதும் சேர்ந்து முந்தைய வருஷத்து மொத்த வரியின் 110 சதவீதத்தை எட்டியிருந்தால், வருஷத்துக்குள் வரியைக் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் வராது. முந்தைய வருஷ வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்குள் என்றால் 100 சதவீதமே போதும். எட்டவில்லை என்றால் ஜனவரி 15-க்குள் நாலாம் காலாண்டுத் தவணையாகக் கட்டிவிட்டு, வருமானம் கடைசி மாதத்தில்தான் வந்தது என்பதை அந்த அபராதத்தைக் கணக்கிடும் 2210 ஃபார்மில் காலாண்டு வாரியாகக் காட்டுங்கள். வக்கீலிடமிருந்து செட்டில்மென்ட் பட்டுவாடாக் கணக்கு ஒன்றை, எந்தத் தேதியில் எவ்வளவு ஃபீஸ், எவ்வளவு செலவு என்று பிரித்து எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 24எச்-ல் போடும் எண்ணுக்கு ஐஆர்எஸ் ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.